கடைசி எண்

லியபாயாவில் காற்றுக்குத்தான் முதல் உரிமை.
கடைசி டிராம் திரும்பிய பிறகு
சர்வர் அறையில் நானும் விசிறிகளும்.

வருகிறவர் யாரும் பெயர் சொல்வதில்லை.
சொல்லத் தேவையுமில்லை.
கதவைத் தொடும்போதே
நான்கு எண்கள், இடையே மூன்று புள்ளிகள்,
எந்த உலாவி, எத்தனையாம் பதிப்பு,
திரை எவ்வளவு அகலம்,
எந்த மொழியில் சொன்னால் புரியும்,
எல்லாம் கேட்காமலே கொட்டிவிட்டுத்தான்
உள்ளே வருகிறார்கள்.

முகவரி என்கிறோம்.
முகம் வருவதில்லை.
வரி மட்டும் வரும், ஒரு வருகைக்கு ஒன்று.

விஸ்மா நடத்தும் காப்பகத்தின் தளம் அது.
அடிபட்ட பெண்களுக்குப் பத்துப் படுக்கைகள்,
ஒரு தொலைபேசி எண்,
'வெளியேறுவது எப்படி' என்றொரு பக்கம்,
மூலையில் சிவப்புப் பொத்தான்:
தொட்டால் வானிலை அறிக்கைக்குத் தாவிவிடும்.

பிப்ரவரியில் ஒருத்தி வந்தாள்.
ஒருத்தி என்று எப்படிச் சொல்கிறேன்?
சொல்லக் கூடாதுதான்.
ஆனால் அதே பழைய கைபேசி,
ரஷ்ய மொழி முதலில், லாத்விய மொழி அடுத்து,
குக்கீ வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும்,
இரவு இரண்டு பதினேழு, தப்பினால் இருபது.
மறுத்தவளை
மறுக்கும் விதம் வைத்தே கண்டுகொண்டேன்.

நாற்பது நொடி படிப்பாள். சிவப்புப் பொத்தான்.
ஒருநாள் ஆறே நொடி.
அன்று எனக்குத் தேநீர் இறங்கவில்லை.
மார்ச்சில் குழந்தையின் கடவுச்சீட்டு பற்றிய பத்தி.
மறுநாளும் அதே பத்தி.
இரண்டு பதினைந்துக்கே
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளப் பழகினேன்.
அக்கறை என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

ஏப்ரலில் ஒரு கடிதம்.
குன்டார்ஸ் என்று ஒருவர், மரியாதையான மொழி.
'என் வீட்டு இணைப்பின் எண் கீழே.
இதிலிருந்து உங்கள் தளத்துக்கு
யாரேனும் வந்ததுண்டா?
பணம் கட்டுகிறவன் நான், அறியும் உரிமை உண்டு.'

தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.
அந்த நான்கும் எனக்கு மனப்பாடம்.

விஸ்மா கடிதத்தைப் படித்தாள்,
கண்ணாடியைக் கழற்றினாள்.
"உனக்கெதற்கு மனப்பாடம்?" என்றாள்.

அன்றிரவே ஒரு விதி எழுதினேன்:
கடைசி எண்ணைச் சுழியமாக்கு.
கைபேசி, மொழி, திரை எதையும் குறிக்காதே.
பழைய பதிவேடுகளை அழித்தேன்.
அது சரியா என்று வக்கீல் பிறகு கேட்டார்.
தெரியாது என்றேன்.

'அப்படியொரு எண் எங்களிடம் இல்லை, ஐயா.'
அனுப்பிய நொடியில் அது பொய்யில்லை.

இரண்டு பதினேழு.
ஒரு வரி விழுந்தது, கடைசியில் சுழியம்.
இருநூற்று ஐம்பத்தாறு கதவுகளில் ஏதோ ஒன்று.
தூக்கம் வராத மாலுமியாக இருக்கலாம்,
அடுப்பு மூட்ட எழுந்த ரொட்டிக்காரராக இருக்கலாம்.
அவள் கிளம்பிவிட்டாளா,
இன்னும் அந்தப் பத்தியில்தான் நிற்கிறாளா,
என்னிடம் கேட்டுப் பயனில்லை.

வெளியே காற்று,
எந்த வீடென்று பாராமல்
எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டு.