காற்புள்ளி

எங்கள் ஊரில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது,
காற்புள்ளிதான்.
போக்னா எழுதி ஒட்டிய சீட்டில்
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
வாலோடு நின்றிருக்கிறது அது.
நான் பார்க்கவில்லை.

நாற்பத்தைந்து மில்லி. தினம் ஒருவேளை.
தங்கையின் பிரசவத்துக்கு அவள் க்டான்ஸ்க் போயிருந்தாள்.
இரவு டிராமை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
அளந்து ஊற்றினேன்,
மூடியில் ஒட்டிய கடைசிச் சொட்டையும் தட்டி.
மூன்று நாள்.
மூன்று நாளும் தவறாமல்.

நான்காம் நாள் விடியலில் தொட்டிக்குள் பனி.
வெளியே வூச் நகரத்தில் வெறும் ஈரம்,
கூரைகளில் ஜனவரியின் கரி.
உள்ளேதான், கண்ணாடிக்குப் பின்னால்,
வெள்ளை வெள்ளையாய் இறங்கிக்கொண்டிருந்தது.
ஒரு நிமிடம் அது அழகாக இருந்ததை
நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு மான்கொம்புப் பவளம்
அவித்த உருளைக்கிழங்காய்த் தோல் உரித்தது.
சுத்தியல் பவளம் விரல்களை எல்லாம்
உள்ளே இழுத்துக்கொண்டது.
துறவி நண்டு மட்டும்
எவன் குடி கெட்டால் எனக்கென்ன என்று
பாசி மேய்ந்துகொண்டிருந்தது.

வளர்ப்புமீன் கடை ஜெமோவித்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன்.
"வினிகர் கினிகர் ஊற்றித் தொலைக்காதே" என்றான்.
"ஏறினதை இறக்கணும். ஆனா படியில இறக்கணும்,
ஜன்னல் வழியா இல்ல.
தினம் பத்தில் ஒரு பங்கு தண்ணி மாத்து.
மத்த நேரம் கையைக் கட்டிக்கிட்டு உட்காரு."

எங்கள் கல்யாணத்தைவிட ஒரு வயது மூத்த தொட்டி அது.
அதன் முன்னால்
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள்.

போனில் சொன்னேன்.
அவளுக்குப் பின்னால் ஒரு சிசு அழுதது,
அதற்கும் பின்னால் கடற்பறவைகள்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"எத்தனை சொட்டு?"

குப்பியில் நீலம் மஞ்சளாகும்வரை சொட்டு எண்ண வேண்டும்.
எட்டில் மாறியிருக்க வேண்டியது.
எட்டு. பன்னிரண்டு.
பதினேழில் கை நடுங்கிற்று.
இருபத்தொன்று என்றேன்.

கடல் முந்நூறு கிலோமீட்டர் வடக்கே;
ஊர்ப் பெயருக்கோ படகு என்று அர்த்தம்.
நாலாம் மாடிக் குளியல்தொட்டியில் உப்பு கலக்கினேன்.
வடிகட்டி இரவெல்லாம் சொட்டியது.
பதினாறு நாள் டிப்போவில் குளித்தேன்.
கீழ்வீட்டுத் தியோதோசியா அம்மாள் வழிமறித்து
வாளி வாளியாய் என்ன இறக்குகிறாய், பிணமா என்றாள்.
கொஞ்சம் அப்படித்தான் என்றேன்.
மறுநாள் தன் ஊறுகாய்ப் பீப்பாயைக்
கதவோரம் வைத்துவிட்டுப் போயிருந்தாள்,
எத்தனை கழுவியும் வெள்ளரி வாசம் போகாமல்.
கழிவுநீருக்கு வைத்துக்கொண்டேன்.

பத்தொன்பது. பதினெட்டு. மறுபடியும் பதினெட்டு.
பதினாறில் போக்னா வந்தாள்.
கோட்டோடு மண்டியிட்டாள்.
மூடியைத் தூக்கி முகர்ந்தாள்.
இடுக்கியை எடுத்துச்
செத்ததைக் கிளை கிளையாய் முறித்து
ஒரு தட்டில் அடுக்கினாள்,
நாங்கள் சாப்பிடும் தட்டில்.

திட்டியிருக்கலாம்.

பத்தைத் தொட்ட வாரம்
அதிகாலை ஷிஃப்டுக்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
சுத்தியல் பவளத்தின் ஓரத்தில் ஒரே ஒரு விரல்,
பச்சை, அரிசிமணிப் பருமன்,
வெளியே வந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு
உள்ளே போய்விட்டது.
இன்னொரு தடவை வருமா என்று நின்றேன்.
அவளை எழுப்பவில்லை.
அன்று முதல் வண்டி நாலு நிமிடம் தாமதம்,
அறிக்கையில் தண்டவாளத்தில் உறைபனி என்று எழுதினேன்.

இப்போது குப்பியில் புதுச் சீட்டு.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
சிவப்பு நகப்பூச்சில் ஒரு காற்புள்ளி,
கட்டைவிரல் தடிமன்,
டிராம் ஏறினாலும் அழியாது.
மான்கொம்பின் எலும்பு ஜன்னலில் காய்கிறது.
தினமும் ஊற்றுவது இன்றும் நான்தான்.
சீட்டை மாற்றினாளே தவிர
ஆளை மாற்றவில்லை.