ஐம்பத்து ஐந்தாவது புட்டி

வெலெபித் மலையில் மழைக்குக் குறைவில்லை.
ஆறுதான் இல்லை.
விழுந்த துளி விழுந்த இடத்திலேயே
கல்லுக்குள் போய்விடுகிறது.

மேலே ஏறினால் வெள்ளைப் பாறை,
மழை நகத்தால் கீறிக் கீறிக்
கத்தி வரிசையாக்கிய பாறை.
இடையிடையே கிண்ணம்போல் பள்ளங்கள்,
அவற்றின் அடியில் கட்டில் அகலத்துக்குச் செம்மண்.
யோசோ அதில் உருளைக்கிழங்கு போடுகிறான்.
அந்தக் கட்டிலுக்காக
அவனும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை.

ஏப்ரலில்
ஓடை தலைகுப்புற விழுந்து மறையும் குழிவாயில்
நெவென்காவும் நானும் பன்னிரண்டு கிலோ சாயம் கொட்டினோம்.
ஆரஞ்சுத் தூள். தண்ணீர் பட்டதும் பச்சை,
கண் கூசும் பச்சை.
ஒரு சுழல் சுழன்றது. அவ்வளவுதான்.
யோசோவின் ஆடுகள்
இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

பிறகு ஆறு ஊற்றுகளில் ஆறு பேர் காவல்.
எனக்கு வாய்த்தது கிழக்கே, பழைய மர ஆலைக்குப் பின்னால்.
நான்கு மணி நேரத்துக்கு ஒரு புட்டி.
தேதி எழுது, நேரம் எழுது,
வெளிச்சம் படாத பெட்டியில் வை.
முதல் நாள் தெளிவு.
மூன்றாம் நாள் தெளிவு.
ஐந்தாம் நாள் பனி பெய்தது, தண்ணீர் தெளிவு.

சும்மா இருந்த நேரத்தில் பாறையைப் பார்த்தேன்.
என் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே ஒரு சிப்பி,
சுண்டுவிரல் நகம் அளவு,
பதினெட்டுக் கோடி வருஷமாக
வாயைத் திறந்தபடி.
இந்த மலை மொத்தமும் அதன் சொந்தக்காரர்கள்தான்,
தெரிந்துதான் அதன்மேல்
தேநீர்க் குவளையை வைத்தேன்.

ஒன்பதாம் நாள் போன்.
மலைக்கு மேற்கே, கடலில்.
மூன்று நாள் புரா காற்றுக்குக் கட்டிக் கிடந்த படகை
அன்றுதான் அவிழ்த்தானாம் பாஷ்கோ.
கரையிலிருந்து நாற்பது அடி தள்ளி
உப்புக்கு நடுவே நன்னீர் கொப்பளிக்கும் இடம்,
அங்கே பச்சை.
முதலில் போலீசுக்குச் சொல்லியிருக்கிறான்.
பிறகு நான்கு கேன் மொண்டு வைத்திருக்கிறான்,
ஒன்றை அவன் மனைவி கொட்டிவிட்டாள்.

நெவென்கா வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக்
குழிவாயிலிலிருந்து கடலுக்கு ஒரு கோடு போட்டாள்,
முகட்டைக் குறுக்கே வெட்டி.
தண்ணீர் அப்படி நேராகப் போயிருக்காது,
அவளுக்கும் தெரியும்.
எந்த இருட்டில் திரும்பியது, எங்கே தேங்கியது,
ஒன்பது நாளில் எத்தனை சிப்பியைக் கரைத்தது
என்பதற்கெல்லாம் கோடு இல்லை.

என் பெட்டியில் ஐம்பத்து நான்கு புட்டி வெறும் தண்ணீர்.
"வராததும் கணக்குத்தான்" என்றாள்,
ஒவ்வொன்றாக எண்ணி ஏற்றிக்கொண்டே.

ஐம்பத்து ஐந்தாவதை நிரப்பினேன்.
தேதி எழுதவில்லை.
குடித்தேன்.
குளிர், அப்புறம்
நாக்கின் ஓரத்தில் லேசாகச் சுண்ணாம்பு.