கூட்டாதே, குறைக்காதே

மொழிபெயர்ப்பாளருக்கு விதி இரண்டுதான்:
சொன்னதில் கூட்டாதே, சொன்னதில் குறைக்காதே.
மணிக்கு முப்பத்திரண்டு டொலர்,
பார்க்கிங் என் செலவு.

ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளம்.
நிலவறை வாடகை பற்றிப் பொதுக்கூட்டம்.
என் இடப்பக்கம் பேரின்பநாயகம்,
குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே இருக்கிறார்.
அவர் காதுக்குள் மெல்லத் தமிழ் ஊற்றுகிறேன்.

முன்வரிசையில் டோரீன் எழுந்து
இது வெள்ளம் என்றார்.
வெள்ளம் என்றேன்.
"ஓம் பிள்ளை, போன ஆடியில எங்கட பேஸ்மென்டுக்கையும் வந்தது.
கார்ப்பெட் முழுக்கப் போச்சு.
இன்சூரன்ஸ்காரன் ஒரு சதமும் தரேல்ல."

தண்ணியில்லை அங்கிள், ஆக்களைச் சொல்லுறா.
(இது கூட்டியதில் சேருமா?)
கொஞ்ச நேரம் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

பிறகு ஒருவர் அலை என்றார்.
இன்னொருவர் நிரம்பி வழிகிறது என்றார்.
பரிந்து பேச வந்த இளைஞனும், பாவம்,
அவர்கள் வராவிட்டால் வரிப்பணம் வற்றிவிடும் என்றான்.
அன்று அந்த அறையில்
பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர் என்று
ஒருவரும் இல்லை.
எல்லாம் நீர்.

மைக் பேரின்பநாயகத்திடம் வந்தது.
எழுந்து, தொண்டையைச் செருமி,
"இப்ப வாற ஸ்டூடண்ட்மார் சரியில்லை.
ஒரு பேஸ்மென்டுக்கை எட்டுப் பேர்.
குப்பை வைக்கிற நாள் தெரியாது.
நாங்கள் அப்பிடி வரேல்ல."

எண்பத்தேழு மார்கழி,
ஒற்றைப் படுக்கையறை, ஒன்பது பேர்.
மெத்தைக்கு முறை வைத்துப் படுத்தார்கள்,
இரவு வேலைக்காரர் எழும்பிய சூட்டில்
பகல் வேலைக்காரர்.
ஒன்பதில் ஒருவர் இவர்.
ஒருவர் என் அப்பா.
தொண்டைவரை வந்தது.
விதி இரண்டுதான்.
எட்டுப் பேரை எட்டுப் பேராகவே
ஆங்கிலத்தில் இறக்கி வைத்தேன்.

கைதட்டினார்கள்.
டோரீன் திரும்பி
அவரைப் பார்த்துச் சிரித்தார்,
முதல் தடவையாக.

கூட்டம் கலைய, கதிரை அடுக்கிக்கொண்டிருந்த பையன்
சட்டையில் ஹர்ஜோத் என்று பெயர் குத்தியிருந்தவன்
வாசல்வரை ஓடிவந்தான்,
கையில் அவர் மறந்த கம்பளித் தொப்பி.

பேரின்பநாயகம் அதை வாங்கித்
தலையில் போடவில்லை. வைத்துக்கொண்டு நின்றார்.
"எங்கை இருக்கிறாய் எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன்.
பேஸ்மென்ட் என்றான்.

அந்தச் சொல்லை நான்
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.