எழுபத்தைந்து டெசிபெல்

நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.
பதினாறு கிலோ சப்வூஃபரை
வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஏறினேன்.
கதவைத் திறந்த நிரோஜன் விரலை உதட்டில் வைத்தான்.
பிறந்து நாற்பத்தாறு நாளாம்.
மூன்று இரவாய்த் தூக்கமில்லையாம்.
யாருக்கு என்று சொல்லவில்லை.

செட் வாங்கியது பிள்ளை வயிற்றில் இருக்கையில்.
பன்னிரண்டு தவணை, இரண்டு கட்டியாயிற்று.
பிரிக்காத பெட்டிகளின் மேல் நாப்கின் காய்ந்தது.
"இண்டைக்குப் பூட்டுங்கோ," என்றாள் சாருகா உள்ளேயிருந்து,
"இல்லாட்டி வித்துப்போடுங்கோ."

முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு.
சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு.
மாறினாலும் சத்தம் வரும், அதுதான் வில்லங்கம்:
ஒரு கோன் முன்னே வர மற்றது பின்வாங்கும்,
இரண்டும் முழு மூச்சாய்ப் பேசும்,
நடுவில் நிற்க வேண்டிய குரல் மட்டும்
எங்கேயென்று பிடிபடாது.
பல வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது.
அதற்கென்று யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

சோபாவின் நடுவில், காது உயரத்தில்,
முக்காலியில் ஒலிவாங்கியை நிறுத்தினேன்.
திரையில் எழுத்து வந்தது:
அமைதியாக இருக்கவும்.

வெள்ளவத்தையில்.

மேல்வீட்டில் கிரைண்டர் உளுந்தோடு மல்லுக்கட்டியது.
பாண் ஓட்டோ தன் ஒரே மெட்டோடு ஒழுங்கைக்குள் திரும்பியது.
பாணந்துறை ரயில் ஜன்னல் கண்ணாடியை
ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது.
மூன்று முறை கருவி அளக்க மறுத்தது.
நாலாம் முறை அளந்து, சப்வூஃபர்
எட்டு மீட்டர் தள்ளி இருப்பதாகச் சொன்னது.
ஹோலின் நீளமே ஐந்து.
"பழுதோ அண்ணே?"
பழுதில்லை தம்பி. அது பிந்திப் பேசுகிறது.
பிந்திப் பேசுகிறதைத்
தூரத்தில் இருக்கிறதாகத்தான் கருவி கணக்கெடுக்கும்.

அந்நேரம் பிள்ளை வீரிட்டது.
மீட்டர் கையில் இருந்ததால் பார்த்தேன்:
தொண்ணூற்றிரண்டு.
நான் பூட்டிய எந்தச் செட்டும்
அந்த அளவுக்கு ஏறி, அவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை.
தோளில் போட்டுக்கொண்டு சாருகா வந்தாள்.
நைட்டியில் பால் கறை, ஒரு காலில் மட்டும் செருப்பு.
"நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

பார்த்தேன்.
சோதனை இரைச்சலை ஒவ்வொன்றாய் விட்டேன்.
அதற்குச் சுருதியில்லை, தாளமில்லை,
கொதி எண்ணெயில் ஈர மீன் விழுந்த முதல் நொடி,
அடுத்த நொடி வராமலே நீண்டுகொண்டிருப்பது போல.
இடது முன், எழுபத்தொன்று. கூட்டு.
நடு, எழுபத்தைந்து. விடு.
வலது முன், எழுபத்தெட்டு. குறை.
வலது பின்னுக்கு அது போகையில்
அழுகை எதிலோ தடுக்கியது.
இடது பின்னில் ஒரு விக்கல்.
பிறகு இல்லை.

நிப்பாட்டாதேங்கோ என்றது அவள் வாய், சத்தமில்லாமல்.

அளந்து முடிந்தும் சுற்ற விட்டேன்.
நிலத்தில் சுவரோடு சாய்ந்து அவள்.
ஸ்பீக்கர் பெட்டி அட்டையில் தலைவைத்து அவன்,
இரண்டாம் சுற்றிலேயே வாய் பிளந்து.
நானும் நிலத்தில்தான்.
அந்த வீட்டின் நல்ல இருக்கையில்
ஒலிவாங்கி மட்டும் நிமிர்ந்து இருந்தது.
ஏழு மணிக்குத் தெஹிவளையில் இன்னொரு வீடு.
சட்டைப் பைக்குள் போன் இரண்டு தரம் துடித்தது.

ஏழு இருபதுக்குக் கரண்ட் போனது.

கிரைண்டரும் இல்லை. கருவி இப்போது கேட்டிருந்தால்
சந்தோஷப்பட்டிருக்கும்.
போன் வெளிச்சத்தில்
பிள்ளையின் நெற்றி சுருங்குவதைக் கண்டேன்.
முதலில் ஷ்ஷ்ஷ் என்றது நான்தான்,
நடு ஸ்பீக்கரின் முன்னால் முழங்காலில்.
திடுக்கிட்டெழுந்த நிரோஜன் இடது பின்னில்.
மடி அசையாமல் சாருகா வலது பக்கம்.
ஒருவர் மூச்சு முடிகிற இடத்தை
மற்றவர் நிரப்பினோம்.
அவன் கூட. மூன்று நாலு டெசிபெல் இருக்கும்.
கையால் தாழ்த்தச் சொன்னேன்.
தாழ்த்தினான். சரியாக வந்தது.

ஷ்ஷ்ஷை விடாமல்
மற்றக் கையால் தெஹிவளைக்கு எழுதினேன்:
பிந்தும்.