சில்லறைக் குறைவு

பரேலில், மூன்றாம் மாடியில்,
எங்கும் போகாத ஒரு சைக்கிள் இருக்கிறது.
ஐம்பத்தெட்டு வயதில்
முதல்முறையாக சைக்கிள் ஏறினேன்.
விழ வழியில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

"த்ன்யானசுந்தரி" என்று கூப்பிட்டார்கள்.
இந்த ஊரில் என் பெயரின் முதலெழுத்தை
யாரும் மூக்கால் சொன்னதில்லை.
எழுந்து போனேன்.

நெஞ்சில் பத்து வட்டங்களை ஒட்டினாள் ஒரு பெண்.
அவள் நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது.
வாயையும் மூக்கையும் சேர்த்து மூடிய ரப்பர் முகமூடி;
விடுகிற மூச்செல்லாம் குழாய்வழி போய்
கணக்கில் சேருமாம்.
பேசக் கூடாது.
கட்டைவிரல் மேலே என்றால் முடியும்,
கீழே என்றால் போதும்.

முதல் மூன்று நிமிடம் கனமே இல்லை.
பிறகு கண்ணுக்குத் தெரியாத யாரோ
கேரியரில் ஏறி உட்கார்ந்தார்கள்.
அடுத்த நிமிடம் இன்னொருவர், மூட்டையோடு.
அப்புறம் தாதர் கூட்டம் முழுக்க.
"அஜூன் தோடா, மாவ்ஷி, அஜூன் தோடா."
இன்னும் கொஞ்சம், சித்தி, இன்னும் கொஞ்சம்.

மூச்சு வாங்குகிறது என்கிறோம் தமிழில்.
என்ன விலைக்கு என்று
நான் கேட்டதே இல்லை.

போன வாரம் டாக்டர் ஷிர்கேயிடம் சொல்லியிருந்தேன்,
நாலு மாடி நிற்காமல் ஏறுவேன் என்று.
பொய் இல்லை.
லிஃப்ட் பழுதான ஒரு நாள் ஏறினேன்,
இரண்டாயிரத்துப் பதினொன்றில்.
நுரையீரலுக்கு அந்த வருடம் ஞாபகமில்லை.
ஏழாம் நிமிடம் தொடை எரிந்தது.
எட்டில் வெட்கம் வந்தது.
கட்டைவிரல் தானாகக் கவிழ்ந்தது.

குடலில் ஒரு முழம் எடுக்கிறார்களாம்.
அறுவை டாக்டர் மேசைமேல் கை வைத்து
பூக்காரி மாதிரி அளந்து காட்டியிருந்தார்;
கொசுறாகச் சில நிணக்கட்டிகளும்.
அதற்கு முன்னால்தான் இந்தத் தாள்.
சிவப்புப் புள்ளிகளும் நீலப் புள்ளிகளும் குறுக்கிடும் இடத்தை
ஷிர்கே பேனாவால் தொட்டார்:
உடம்பு கடன் வாங்கத் தொடங்கும் இடம்.
எனக்கு ஒன்பது புள்ளி எட்டு.
பதினொன்று இருந்தால் தேவலை.

"வெட்டுவது பெரிதில்லை அம்மா,
அதற்குப் பிறகு வரும் ஐந்து நாள்தான்."
நிமோனியா, தையல் கசிவு, ஐசியு...
அவர் மடித்த விரல்களை நான் எண்ணவில்லை.

முப்பத்தோரு வருடம்
சயான் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில்
ஓட்டைவழி வந்த கைகளையே பார்த்தவள் நான்.
மழையில் நனைந்த ஒரு கை,
மீன் செதில் ஒட்டிய உள்ளங்கை,
இரண்டு ரூபாய் குறைந்து நின்றது ஒரு ஜூலையில்.
வரிசை நீளம்.
தள்ளிப் போ என்றேன்.
இப்போது ஓட்டைக்கு அந்தப் பக்கம் நான்,
ஒன்று புள்ளி இரண்டு குறைவாக.

ஷிர்கே தள்ளிப் போகச் சொல்லவில்லை.
நாலு வாரம் தருகிறேன்,
சம்பாதித்துக்கொண்டு வாருங்கள் என்றார்.
"கட்டி?"
"காத்திருக்கும்" என்றவர், தாளை மடித்தபடி
"பார்த்துக்கொள்வோம்" என்று திருத்தினார்.

அதனால் தினமும் ஐந்தரைக்கு
அதே ஸ்டேஷன், நடைமேம்பாலம்.
நாற்பத்திரண்டு படி ஏறி, நாற்பத்திரண்டு படி இறங்கி,
மறுபடி.
முதல் வாரம் நடுவில் இரண்டு இடத்தில் குனிந்தேன்,
செருப்பு வாரைச் சரிசெய்கிறவள் போல.
பின்னால் ஓடி வந்தவர்கள்
பாஜூ, பாஜூ என்று ஒதுக்கினார்கள்.

இன்று பதினேழாம் நாள்.
ஆறாவது சுற்றின் முப்பதாம் படி.
கீழே கல்யாண் வண்டி வந்து நின்று போனது.
கவுண்டர் ஷட்டர் தூக்கும் சத்தம்;
யாரோ பையில் காசு தடவுகிறார்கள்.

நின்றேன்.
செருப்பைக் குனிந்து பார்க்கவில்லை.
கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி,
எல்லோருக்கும் தெரிகிற மாதிரி,
வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன்.
இன்னும் பன்னிரண்டு படி.