ஈரம் படக்கூடாது

ஆ. ஈ. ஊ. ம். ஷ். ஸ்.
பேச்சின் மொத்த அகலத்தையும் அளந்துவிட
இந்த ஆறு ஒலிகள் போதும் என்பார்கள்.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
சாத்திய சன்னலுக்கு அந்தப் பக்கம்
பண்ருட்டி பஸ் அடிக்கும் ஹாரனையும் சேர்த்தால்
ஏழு.

புகழினிக்கு நாலு வயசு.
கேட்டால் டப்பாவில் ஒரு சோழி போட வேண்டும்,
கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.
சும்மா இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டம்.

வாயைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று
எம்பிராய்டரி வளையத்தில் கறுப்புத் துணி மாட்டி
அதன் பின்னால் நின்று சொல்கிறேன்.
ஒரு மீட்டர். மூன்று மீட்டர்.
ஆறுக்கு ஆறு.
எழுதப் போகும்போதுதான் கவனித்தேன்:
‘ஷ்’ சொன்னால் துணி லேசாக உப்புகிறது.
அவள் கண் அந்த உப்பலிலேயே இருந்தது.
அடி கள்ளி.

மின்விசிறியை நிறுத்தி
அவளைச் சுவர் பக்கம் திருப்பி உட்காரவைத்து
மறுபடி.
ஷ் இல்லை. ஸ் இல்லை.
மற்றதற்கெல்லாம் சோழி விழுந்தது.
ஆறை அடித்துவிட்டு நாலு என்று எழுதினேன்.

அம்மாவுக்கு ஒரு படிவம், இருபது கேள்விகள்.
அழைப்புமணி அடித்தால் திரும்புகிறாளா?
கட்டத்தில் குறி போடாமல்
ஓரத்தில் எழுதியிருக்கிறாள் அஞ்சலாட்சி:
மணி கிடையாது, கதவு தொறந்தேதான் கெடக்கும்.
இரைச்சலான இடத்தில் பெயர் சொல்லி அழைத்தால்?
இரைச்சல் இல்லாத இடம் எது?
வீடு சோனாங்குப்பத்தில்.
நாலு எட்டு வைத்தால் படகுகள்.
கடைசியில், யாரும் கேட்காத இருபத்தொன்றாவது:
குக்கர் விசில் அடிச்சா சிரிக்கிறா.

கருவியைக் கணினியோடு இணைத்தேன்.
அது தன் பாட்டுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கும்
யாரிடமும் சொல்லாமல்.
போட்டிருந்த நேரம், நாள் சராசரி:
இரண்டு மணி நாற்பது நிமிடம்.

முழிச்சதுலேர்ந்து தூங்குற வரைக்கும் போடணும்னு
படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.
பேட்டரி செலவா? மத்த புள்ளைங்க கேலியா?

பதில் இல்லை.
கட்டைப்பைக்குள் கைவிட்டு
நாலாய் மடித்த தாளை எடுத்து விரித்தாள்.
கீழே என் கையெழுத்து, போன அக்டோபர்.
மேலே ஐந்து குறிப்புகள்.
இரண்டாவதன் அடியில்
நானே சிவப்பில் கோடு போட்டிருக்கிறேன்:
ஈரம் படக்கூடாது.

“காத்தே ஈரந்தான் மேடம் எங்களுக்கு.
உப்பு டப்பா மூடியே இருந்தாலும் தண்ணி விட்டுக்கும்.
பால்வாடிக்கு மட்டும் போட்டனுப்பிட்டு
வந்ததும் கழட்டி அரிசிக்குள்ள வச்சிடுவேன்.
கவர்மெண்டு குடுத்தது.
கெட்டுப்போனா யாருகிட்ட போய் நிக்கிறது?”

மேசைமேல் இருந்த ஒலிமானி
கொஞ்ச நேரம் முப்பத்தெட்டிலேயே நின்றது.
யாரும் பேசாதபோது
அந்த அறை அவ்வளவுதான்.

சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து
அந்த வரியை அடித்தேன்.
கீச்சொலிகளைச் சற்றே ஏற்றி
உலர்த்தும் உருண்டைகள் ஒரு டப்பா கொடுத்து
ராத்திரிக்கு மட்டும் இதுக்குள்ள,
பகல் பூரா காதுல, என்றேன்.
கெட்டால் வந்து நிற்க ஒரு ஆள் வேண்டுமே,
என் போன் நம்பரை எழுதினேன்.
புகழினி அதற்குள்
ஒரு சோழியை வாயில் போட்டிருந்தாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலை அழைப்பு.
பின்னால் இன்ஜின், ஐஸ் உடைக்கும் சத்தம்,
வஞ்சிரத்துக்கு யாரோ விலை ஏற்றும் குரல்.

“மேடம், மிஷின் ரிப்பேர் போல.
மாசம் வந்த பேட்டரி
வாரத்துலயே தீந்து போவுது.”

நல்லது, என்றேன்.

“என்னாது?”

நல்லதும்மா.

“கேக்கல மேடம்,
இங்க ஒரே சத்தம்.”