நான்கு புத்தகங்கள்

அரிச்சுவடி. ஞானோபதேசம்.
புதிய ஏற்பாடு. பிறகு பழையது.
நான்கையும் முடித்தால் பள்ளி முடிந்தது,
பெண்ணுக்குப் பன்னிரண்டில், பையனுக்குப் பதின்மூன்றில்
என்றார் வாத்தியார் கொர்னீஸ்.
சுவரில் தேசப்படம் இல்லை.
வைக்கோல் தொப்பிகள் மாட்ட ஆணிகள்,
எல்லாம் ஒரே உயரத்தில்.

சாந்தா குரூஸ் நகரிலிருந்து ஏழு மணி நேரம்
செம்புழுதி தின்று வந்திருந்தேன்.
என் கோப்பில் சட்டம் இருந்தது,
குழந்தை, உரிமை, கட்டாயம் என்ற சொற்களோடு.
மூப்பர் கிளாசன் அலமாரி திறந்து
மடிப்பில் இற்றுப்போன ஒரு தாளை எடுத்து வைத்தார்.
உங்கள் பள்ளி உங்களுக்கே என்று
அவர் அப்பனுக்கு அரசு தந்த வாக்கு.
இரண்டு தாளிலும் ஒரே முத்திரை,
இறக்கை விரித்த அதே பறவை.

"மூன்று நாடு விட்டு வந்தோம்.
ஒவ்வொன்றிலும் முதலில் வந்தது
கையில் கோப்போடு ஒரு பள்ளி ஆய்வாளர்தான்."
குரலில் கோபமில்லை. குடிக்க மோர் தந்தார்.

பதில் இருந்தது என்னிடம்.
ஆனால் முட்டி வலித்தது.
பொத்தோசியில், ஆறு வயதில்,
கெச்சுவா பேசினேன் என்று
மக்காச்சோள மணிகள்மேல் மண்டியிட்டவள்.
அம்மா என்னைக் கொஞ்சிய சொற்களில்
பாதிகூட இன்று நினைவில்லை.
அவற்றைக் கொடுத்த பிறகுதான்
இந்த வேலை கிடைத்தது.

திரும்பும்போது மாட்டுக்கொட்டகை அருகே
அகனேத்தா. பதினான்கு இருக்கும்.
நீல டப்பா ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்,
கன்றுக்குத் தண்ணீர் வைக்க.
நான் டப்பாவையே பார்ப்பதைக் கண்டு,
தனக்கும் படிக்கத் தெரியும் என்பதுபோல்,
ஈரவிரலை எழுத்தில் ஓட்டி
சங்கீதம் வாசிக்கும் இழுப்போடு,
பிசிறில்லாமல்,
"ஃபெ... நே... னோ" என்றாள்.
நிமிர்ந்து சிரித்தாள்.

எனக்கே ஒரு நொடி பிடிபடவில்லை.
அவள் அரிச்சுவடியில்
அந்த முதலெழுத்து அப்படித்தான் ஒலிக்கும்.
எங்கள் ஸ்பானிஷில்
அது விஷம்.

பாலாடைக்கட்டி லாரி ஓட்டும் எவாரிஸ்தோவுக்கு
அவர்கள் பேச்சு கொஞ்சம் வரும்.
சொன்னான்.
டப்பாவைக் கீழே வைத்தாள்.
கையைப் பாவாடையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.
கன்றைப் பார்த்தாள்.
பிறகு டப்பாவை நுனிவிரலால் திருப்பி
அடியில் இருந்த பொடியெழுத்தைக் காட்டி
ஏதோ கேட்டாள்.

"இவ்வளவும் என்ன சொல்கிறது என்கிறாள்."

ஜன்னலில் மூப்பர் நின்றிருந்தார்.
வெளியே வரவில்லை. திரையையும் இழுக்கவில்லை.
தரை சேறாக இருந்தது.
கோப்பின் மேலேயே உட்கார்ந்தேன்.
முதல் வரியிலிருந்து தொடங்கினோம்.